தூர்ந்த கண்மாயும் தூங்கும் சபையும்

(கான்சாபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘ஆவிக்குரிய அசதியை மேற்கொள்வது எப்படி’ என்பது. இந்தத் தலைப்பைக் கேட்டதும் நம்மில் ஒவ்வொருவருக்கும் யாரோ ஒருவருடைய முகம் ஞாபகத்துக்கு வந்திருக்கும். ஆலயத்துப் பக்கமே வராத மாமா. கிறிஸ்மஸுக்கு மட்டும் தலையைக் காட்டிவிட்டுப் போகும் பெங்களூர்த் தம்பி. ‘இந்தப் பேச்சை அவன் கேட்கணும்’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். வராதவர்களைப் பற்றி வந்தவர்களிடம் திட்டிவிட்டுப் போவது எங்களைப் போன்ற மேடைப் பேச்சாளர்களின் பழைய வழக்கம். அதில் யாருக்கும் வலிக்காது. இன்றைக்கு அதை விட்டுவிடலாம். வராத மாமா நிம்மதியாக இருக்கட்டும். வந்திருக்கிற நம்மைப் பற்றிப் பேசுவோம். சந்தா பாக்கி வைக்காத நம்மைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை தவறாத நம்மைப் பற்றி, பாட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே பாமாலை பாடத் தெரிந்த நம்மைப் பற்றிப் பேசுவோம்.

தூங்குகிறவர் யார்? இதுதான் இன்றைக்கு என் கேள்வி.

இதைக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான வட்டாரம் கிடையாது. பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஊரில் பிறந்த ஆண்டாள் பாடிய திருப்பாவை முப்பது பாசுரம். மார்கழி மாதம் விடியுமுன் அந்தப் பாட்டு ஒலிபெருக்கியில் வந்து நம் போர்வைக்குள்ளும் நுழைகிறது. அதில் ஆறாம் பாசுரம் முதல் பதினைந்தாம் பாசுரம் வரை என்ன நடக்கிறது தெரியுமா? வீடு வீடாகப் போய்த் தூங்குகிற தோழிகளை எழுப்புகிறார்கள். எழுப்பப்படும் பெண்கள் யார்? பக்தி இல்லாதவர்களா? இல்லை. நோன்புக்கு வருகிறேன் என்று ஒத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருத்தி மணி பதித்த மாடத்தில், சுற்றிலும் விளக்கெரிய, தூப வாசனையில், மெத்தையில் தூங்குகிறாள். இன்னொருத்தியின் வாசலில் தோழிகள் தலையில் பனி விழ நின்றுகொண்டிருக்கிறார்கள். விளக்கும் எரிகிறது, தூபமும் மணக்கிறது, ஆள் மட்டும் எழுந்திருக்கவில்லை. அண்டை வீட்டுக்காரர்களின் இந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் சபைகள்தான் ஞாபகம் வரும். விளக்கு எரியாத சபை எது? ஆலயத்துக்கு ஆலயம் புது டைல்ஸ், புது மைக் செட்டு. எல்லாம் எரிகிறது.

இந்தப் பக்கம் சதுரகிரி மலை. ஆடி அமாவாசைக்குத் தாணிப்பாறை வழியாக எத்தனை ஜனம் ஏறுகிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டாம். வயசானவர்கள், மூட்டுவலிக்காரர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள், எல்லாரும் கல்லிலும் முள்ளிலும் ஏறுகிறார்கள். அவர்கள் நம்பிக்கை வேறு, நம் நம்பிக்கை வேறு. ஆனால் அவர்கள் மலையேறுகிற அதே வட்டாரத்தில்தான் நாம் ஃபேனுக்கு அடியில் இடம் கிடைக்கவில்லை என்று முணுமுணுக்கிறோம்.

ஆலயத்தில் முதல் மணி அடிக்கிறது. நம் வீட்டில் என்ன நடக்கிறது? ‘முதல் மணிதானே’ என்கிறோம். இரண்டாம் மணி அடிக்கிறது. அப்போதுதான் வெந்நீர் வைக்கிறோம். மூன்றாம் மணி அடிக்கும்போது சட்டைக்கு இஸ்திரி நடக்கிறது. பாவ அறிக்கை முடிகிற நேரத்துக்குச் சரியாக உள்ளே போய் உட்காருகிறோம். கிண்டலுக்காகச் சொல்லவில்லை. பாவ அறிக்கையைத் தவிர்த்துவிட்டு ஆசீர்வாதத்துக்கு மட்டும் நேரத்தோடு இருப்பது வெறும் நேரப் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதம் போகிறது. அவற்றில் மிகக் கடுமையாகத் திட்டு வாங்கியது எது? உபத்திரவப்பட்ட சிமிர்னாவா? கொஞ்சப் பெலனுள்ள பிலதெல்பியாவா? இல்லை. லவோதிக்கேயா. ‘நீ குளிருமில்லை, அனலுமில்லை, வெதுவெதுப்பாய் இருக்கிறாய்’ என்று திட்டு. லவோதிக்கேயா எப்பேர்ப்பட்ட ஊர்! கறுப்புக் கம்பளி நெய்யும் ஊர். பணம் புழங்கும் ஊர். மருத்துவத்துக்குப் பேர்போன ஊர். கி.பி. 60இல் ஒரு பூமியதிர்ச்சி வந்து ஊரைத் தரைமட்டமாக்கியது. மற்ற ஊர்களாக இருந்தால் ரோம அரசாங்கத்திடம் நிவாரணம் கேட்டுக் கையேந்தியிருக்கும். லவோதிக்கேயா கேட்கவில்லை. சொந்தப் பணத்திலேயே ஊரைத் திரும்பக் கட்டியது. ரோம வரலாற்றாசிரியர் தாசித்து இதைப் பதிவு செய்திருக்கிறார். பாராட்ட வேண்டிய காரியம்தானே? ஆனால் அந்தச் சபையைக் கெடுத்தது பூமியதிர்ச்சி இல்லை. பூமியதிர்ச்சிக்குப் பிறகு வந்த கெட்டிக்காரத்தனம். ‘எங்களுக்கு யார் தயவும் வேண்டாம்’ என்ற அந்தப் பேச்சு நகரசபையிலிருந்து திருச்சபைக்குள்ளும் வந்துவிட்டது. பக்கத்தில் எராப்போலியில் வெந்நீர் ஊற்று இருந்தது. கொலோசேயில் குளிர்ந்த நீர் இருந்தது. லவோதிக்கேயாவுக்கோ குழாய் வழியாகத் தண்ணீர் வந்தது. அந்தக் கல்குழாய்கள் இன்றும் கிடக்கின்றன. சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் வெதுவெதுப்பாக இருந்தால் எப்படியிருக்கும் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

லவோதிக்கேயா தூரத்து ஊர். நமக்குத் தெரிந்த தண்ணீருக்கு வருவோம்.

ஐப்பசி, கார்த்திகையில் மேற்கு மலையில் மழை கொட்டுகிறது. ஓடையில் வெள்ளம் வருகிறது. கண்மாய் நிறைகிறது. கலிங்கில் தண்ணீர் வழிகிறது. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்கிறது. செல்போனில் படம் எடுத்துச் சென்னையில் இருக்கும் மகனுக்கு அனுப்புகிறோம், ‘நம்ம கண்மாய் மறுகால் பாயுது’ என்று. ஆனால் சம்சாரி ஒருத்தர் மட்டும் ஓரமாக நின்று சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குத் தெரியும், ரெண்டே நாள் மழையில் கண்மாய் நிறைந்தால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை என்று. உள்ளே இடமில்லை, அதனால் சீக்கிரம் நிறைகிறது. அடியில் வண்டல் ஆளுயரத்துக்கு ஏறிக் கிடக்கிறது. தை பிறக்கும்போது மடையைத் திறந்தால் சேறு வரும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் வெடிக்கும்.

சீக்கிரம் நிறைகிற கண்மாய் தூர்ந்த கண்மாய். கன்வென்ஷன் முதல் நாள் இரவிலேயே கண்ணீர் விடுகிறோம். இரண்டாம் நாள் கையை உயர்த்துகிறோம். மூன்றாம் நாள் ஆர்மோனியம் வாசிப்பவரையும் சேர்த்து எல்லாரும் அழுகிறோம். கலிங்கு வழிகிறது! ஒரு மாதம் கழித்து மடையைத் திறந்து பாருங்கள். வீட்டில் வேலைக்காரப் பெண்ணிடம் பேசுகிற பேச்சைக் கேளுங்கள். தம்பியோடு பங்கு பிரிக்கும்போது விழுகிற வார்த்தையைக் கேளுங்கள். சேறு.

அந்த வண்டலை யார் கொண்டுவந்து போட்டது? எதிரியா? பக்கத்து ஊர்க்காரனா? அதே தண்ணீர்தான் கொண்டுவந்தது. கண்மாயை நிறைத்த தண்ணீர்தான் கண்மாயைத் தூர்க்கவும் செய்தது. ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் வண்டலைக் கீழே விட்டுவிட்டு மேலே பளபளவென்று நின்றது. நம் கதையும் அப்படித்தான்.

1799இல் திருநெல்வேலிச் சீமையில் முதலூர் உண்டானது. ஏன் உண்டானது? விசுவாசித்தவர்களுக்கு அவர்கள் பிறந்த ஊரில் இருக்க முடியவில்லை. அடித்தார்கள், துரத்தினார்கள். தாவீது சுந்தரானந்தம் என்ற இளைஞர் முன்னின்றதால் துரத்தப்பட்டவர்களுக்கென்று ஒரு ஊர் பிறந்தது. 1820இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். 1830இல் இப்படித் தவித்தவர்களுக்கு நிலம் வாங்கித்தர ஒரு தர்ம சங்கம் ஏற்பட்டது. பள்ளிக்கூடம் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாத்தியார் வேலை, குமாஸ்தா வேலை, டாக்டர் வேலை, பென்ஷன். எல்லாமே ஆசீர்வாதம். ஒன்றைக்கூட நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் நான் இங்கே நின்று பேசவும் முடியாது. ஆனால் ஒவ்வொரு ஆசீர்வாதமும் கொஞ்சம் வண்டலை விட்டுச் சென்றது. தாத்தா அடி வாங்கி விசுவாசித்தார். அப்பா படித்து விசுவாசித்தார். நமக்கு விசுவாசம் சொத்துப் பத்திரத்தோடு சேர்ந்து வந்துவிட்டது.

சொத்தாக வந்த விசுவாசம் உயிர் பெறுமா? பெறும். அதற்குச் சாட்சி தேடித் தூரம் போக வேண்டாம். இந்த வத்திராயிருப்பு வட்டாரத்தில் கிறிஸ்டியான்பேட்டை இருக்கிறது. ‘அந்த ஊருக்கு எந்த பஸ்ஸில் போகணும்னு எங்களுக்குத் தெரியாதா’ என்று நீங்கள் கேட்கலாம். வழி தெரியும். கதை தெரியுமா?

ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், 1810இல் உக்கிரன்கோட்டையில் பிறந்தவர். கவனியுங்கள், அவர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். நம்மைப் போலவே விசுவாசத்தைச் சொத்தாகப் பெற்றவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தார். அந்தக் காலத்தில் அப்படிப் படித்த பையனுக்கு முன்னால் ஒரு வழி நேராகக் கிடந்தது. உபதேசியார் வேலை, மாதச் சம்பளம், ஊரில் மரியாதை. 1833இல் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவர் திருநெல்வேலிக்கு வந்தார். இங்கிலாந்தில் நல்ல வருமானமுள்ள பல் வைத்தியராக இருந்தவர், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பாக்தாத்துக்குப் போய், அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தவர். பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லருடைய மைத்துனர். அருளப்பன் இவரோடு பழகினார். 1840 வாக்கில் ஒரு முடிவெடுத்தார். சம்பளம் வேண்டாம்.

யோசித்துப் பாருங்கள். ஏழை. சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம். சம்பளம் தர ஆள் இருக்கிறது. ஏன் வேண்டாம் என்கிறார்? அவர் சொன்ன காரணத்தைக் குரோவ்ஸ் எழுதி வைத்திருக்கிறார். சம்பளம் வாங்கினால், கூலிக்குப் பிரசங்கம் பண்ணுகிறான் என்று ஜனங்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்களாம். அவ்வளவுதான் காரணம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சம்பளம் வாங்கும் ஊழியர்களைக் குறை சொல்வதற்காக இதை நான் சொல்லவில்லை. வேலையாள் கூலிக்குப் பாத்திரன் என்று வேதமே சொல்கிறது. நம் உபதேசிமார் வாங்குகிற சம்பளத்தை நாம் எந்த லட்சணத்தில் கொடுக்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. சம்பளம் வாங்குகிறவரிடம் நாம் எதை ஒப்படைத்துவிட்டோம்? ஜெபத்தை ஒப்படைத்தோம்: ‘ஐயா, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க.’ வேத வாசிப்பை ஒப்படைத்தோம்: ஞாயிற்றுக்கிழமை அவர் வாசிப்பார், நாம் கேட்போம். வியாதிக்காரரைப் பார்க்கப் போவதை ஒப்படைத்தோம்: ‘அண்ணாச்சி ஆஸ்பத்திரியில இருக்காங்களாம், ஐயரு போய்ப் பாத்தாரா?’ சுவிசேஷத்தை மிஷனரிகளிடம் ஒப்படைத்தோம். மாதாமாதம் பணம் அனுப்புகிறோம், ரசீது வருகிறது. அழுகையைக்கூட கன்வென்ஷன் பிரசங்கியாரிடம் ஒப்படைத்தோம். அவர் அழவைத்தால்தான் அழுவோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். கூட்டம் முடிந்ததும் எனக்கும் பஸ் செலவுக்கு ஒரு கவர் கொடுப்பீர்கள்.

என் கணிப்பில் ஆவிக்குரிய அசதி என்பது இதுதான். சோம்பல்கூட இல்லை, சபையில் ஓடியாடி வேலை செய்கிறவர்களுக்கும் இது உண்டு. நான் செய்ய வேண்டியதை என் பேரில் வேறொருவர் செய்கிறார் என்ற நிம்மதி. முன்னோர் விசுவாசித்துவிட்டார்கள், ஊழியர் ஜெபித்துவிடுவார், மிஷனரி போய்விடுவார். நாம் உட்கார்ந்திருக்கலாம்.

அருளப்பன் 1842இல் கிறிஸ்டியான்பேட்டையை உண்டாக்கினார். அங்கே குடியிருந்து, நடந்து நடந்து சுற்று வட்டாரமெல்லாம் பிரசங்கித்தார். அப்புறம் என்ன நடந்தது? பதினெட்டு வருஷம் ஓடியது. இந்தப் பதினெட்டு வருஷத்தை நாம் வேகமாகத் தாண்டிவிடுவோம், பெரிய நெருப்பு ஒன்றும் விழவில்லை என்பதால். அவர் தாண்டவில்லை. அதை வாழ்ந்தார்.

பக்கத்தில் இன்னொருவரும் அப்படி வாழ்ந்தார். தாமஸ் ராக்லண்ட். கேம்பிரிட்ஜில் 1841ஆம் வருஷக் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பிடித்தவர். சென்னையில் மிஷன் அலுவலகச் செயலாளர். அந்த நாற்காலியை விட்டுவிட்டு 1854இல் வட திருநெல்வேலிக்கு வந்தார். அதாவது இந்தப் பக்கத்துக்கு, சாத்தூர், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்கு. கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகப் போனார். 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இறந்துபோனார். பலனென்று சொல்லிக்கொள்ள அவர் கையில் அதிகமில்லை. இன்னும் இரண்டு வருஷம் இருந்திருந்தால் பார்த்திருப்பார். பார்க்கவில்லை.

அவர் பார்க்காதது என்ன? அதற்கு முன் கடலைத் தாண்டி ஒரு செய்தி. 1857 செப்டம்பர் 23, நியூயார்க்கில் ஃபுல்டன் தெருவில் ஒரு சாதாரண சபை ஊழியர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஜெபக்கூட்டம் என்று அறிவிப்புப் போட்டார். அரை மணி நேரம் அவர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு ஒவ்வொருவராக ஆறு பேர் வந்தார்கள். ஆறு பேர்! நம் சபைக் கமிட்டியில் இதைவிட அதிகம் பேர் உண்டு. ஆறு மாதத்துக்குள் அந்த ஊரில் தினம் ஆயிரக்கணக்கானோர் ஜெபிக்கக் கூடினார்கள். அதே வருஷம் அயர்லாந்தில் கெல்ஸ் என்ற கிராமத்தில் நாலு வாலிபர்கள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜெபிக்கத் தொடங்கினார்கள். 1859இல் வட அயர்லாந்து முழுவதும் எழுப்புதல். இந்தச் செய்திகள் கப்பல் ஏறி, பிறகு மாட்டுவண்டி ஏறி, இந்த மலையடிவாரத்துக்கு வந்தன. அருளப்பன் வாசித்தார். வாசித்ததைத் தன் ஜனங்களுக்குச் சொன்னார். ‘அங்கே நடக்குது, இங்கே நடக்கலையே’ என்ற ஏக்கம் பிறந்தது.

1860 மே 4. கிறிஸ்டியான்பேட்டையில் ஆரம்பித்தது.

ஜனங்கள் பாவத்தை நினைத்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். நடுங்கினார்கள். தரையில் விழுந்தார்கள். சிலர் தரிசனம் கண்டதாகச் சொன்னார்கள், சிலர் அந்நிய பாஷைகளில் துதித்தார்கள். மிஷனரிகளில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள், சிலர் இது கர்த்தருடைய காரியம் என்று ஒத்துக்கொண்டார்கள். விழுந்தது உண்மையா, நடுங்கியது உண்மையா என்று நூறு வருஷத்துக்கு மேலாக விவாதம் நடக்கிறது. நடக்கட்டும். அதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது அருளப்பன் எழுதிவைத்த ஒரு சின்னச் செய்தி. அவருடைய மகனும் மகளும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து, மூன்று ஊர்களில் இருந்த தங்கள் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போனார்கள். அந்த ஊர்களிலும் எழுப்புதல் பற்றிக்கொண்டது.

சொந்தக்காரர்களைப் பார்க்கப் போனார்கள்! நோட்டீஸ் இல்லை, மேடை இல்லை, பிரசங்கியார் இல்லை. அத்தை வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் போனார்கள். யாரும் அனுப்பவில்லை, யாரும் படிக்காசு கொடுக்கவில்லை. அந்தச் சொந்தக்காரர்களும் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள்தான், மிஷன் சபையில் பேர் பதிந்தவர்கள். தூங்கிக்கொண்டிருந்த கிறிஸ்தவர்களை, விழித்த கிறிஸ்தவர்கள் வீட்டு வாசலில் போய் எழுப்பினார்கள். கூலி வாங்காத மனிதருடைய பிள்ளைகள் கூலியில்லாமல் போனார்கள். 1840இல் எடுத்த முடிவு 1860இல் நடந்து போனது.

இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு பெருமிதம் தெரிகிறது. அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். ‘நம்ம ஏரியாவுல விழுந்த நெருப்பு.’ ஆமாம், விழுந்தது. அதுவும் தண்ணீர்தான், அதுவும் வண்டலை விட்டுச் செல்லும். தமிழ்ச் சீமையில் எழும்பிய அந்த அலை சில வருஷங்களில் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே அனலோடு எழும்பிய ஒரு கூட்டம் 1881இல் கர்த்தர் வருவார் என்று தேதி குறித்தது. 1881 வந்தது, போனது. கூட்டம் சிதறியது. நேற்றைய அனுபவத்தையே தெய்வமாக வைத்துக்கொண்டவர்களுக்கு நாளைய தேதிதான் மிஞ்சும். நமக்கு அந்தத் தேதிக்கணக்கு இல்லை. நம்முடையது வேறு வியாதி. நாம் நூற்றாண்டு மலர் போடுகிறோம்.

1867இல் அருளப்பன் காலமானார். அதற்குப் பிறகு திருநெல்வேலிச் சபை எண்ணிக்கையில் பெருத்தது. பெரிய கோவில்கள், உயர்ந்த கோபுரங்கள். 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவருக்குப் பிறந்த பிள்ளை வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902இல் அவர் யாழ்ப்பாணம் போனார். அங்கே பார்த்தது அவரை உலுக்கியது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள், எண்ணிக்கையில் சிறியவர்கள், தங்கள் சொந்தப் பணத்தில் கடல் தாண்டித் தமிழ்நாட்டுத் தொண்டிப் பக்கம் ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யோசியுங்கள், அவர்கள் நமக்கு மிஷனரி அனுப்புகிறார்கள்! இவ்வளவு பெரிய திருநெல்வேலிச் சபையோ அப்படி அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. அசரியா வெட்கப்பட்டார். அந்த வெட்கத்திலிருந்து 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அயல்நாட்டுப் பணம் கிடையாது. பிடியரிசி, காணிக்கை, நம் ஜனங்களின் பணம்.

அசரியா அதோடு நிற்கவில்லை. மற்றவர்களை அனுப்பிவிட்டு, தாம் வகித்த கிறிஸ்தவ வாலிபர் சங்கச் (ஒய்.எம்.சி.ஏ.) செயலாளர் நாற்காலியில் சாய்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். 1909இல் தாமே தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912 டிசம்பர் 29 அன்று முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரானார். அவருடைய அத்தியட்சாதீனத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஞானஸ்நானம் பெறும் தெலுங்குக் கிராமத்து ஏழை ஜனங்கள் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வைத்து, சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் தங்களுக்கு ஐயோ என்று பவுல் சொன்னதைத் தங்கள் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. நாம் ஞானஸ்நானம் என்றால் குருவானவருடைய கையைத்தான் பிள்ளையின் தலைமேல் பார்த்திருக்கிறோம். அசரியா அவரவர் கையை அவரவர் தலைமேல் வைக்கச் சொன்னார்.

சரி, இனி வேலைக்கு வருவோம். தூர்ந்த கண்மாயை எப்போது தூர் வாருவார்கள்? நிறைந்திருக்கும்போதா? வற்றிய பிறகுதான் இறங்க முடியும். ஆகையால் ‘எனக்கு வறட்சியாக இருக்கிறது, ஜெபிக்க முடியவில்லை’ என்று சொல்கிறவர்களே, பயப்படாதீர்கள். மண்வெட்டியோடு இறங்க அதுதான் பருவம். மறுபடி ஒரு மழை, மறுபடி ஒரு கன்வென்ஷன் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று வீட்டுக்கு ஒரு ஆள் வருவார். பணக்காரர் வீட்டிலிருந்தும் வரும், ஏழை வீட்டிலிருந்தும் வரும். அள்ளிய கரம்பையை வண்டியில் ஏற்றி வயலில் போடுவோம். கண்மாயைக் கெடுத்த மண் பயிருக்கு உரம்.

எதை அள்ளுவது? எல்லாவற்றையும் நான் பட்டியல் போடப்போவதில்லை. மிக ஆழத்தில் கெட்டித்துப் போயிருக்கிற ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் போனால் இந்த மேடையில் ஏறியதற்கே அர்த்தமில்லை. சாதி. மணமகள் தேவை விளம்பரத்தில் ‘கிறிஸ்தவ’ என்று போட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் இன்னொரு பெயரைப் போடுகிறோமே, அது. ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்கிவிட்டுக் கல்லறைத் தோட்டத்தில் தனி வரிசை தேடுகிறோமே, அது. சேகரத் தேர்தல் வந்தால் ஜெபக்குழு எப்படி ஓட்டுக்குழுவாகப் பிரிகிறது என்று பார்த்திருக்கிறீர்கள். எந்தக் கோட்டில் பிரிகிறது? அசன விருந்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், நல்லது. பந்தி முடிந்து இலையை எடுத்த பிறகு யார் வீட்டுக்கு யார் போகிறோம்? மழை பெய்யப் பெய்ய இந்த மண் கரையாது. அள்ளித்தான் போட வேண்டும்.

மற்றவை சின்ன வேலைகள். வீட்டு ஜெபத்தை சீரியல் இடைவேளையில் வைக்காமல் இருப்பது. பிள்ளைகள் முன்னால் வேதத்தை நீங்களே திறப்பது. இவற்றை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இளைஞர்கள் ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: ‘1860 போல மறுபடியும் இங்கே எழுப்புதல் வருமா?’ பிள்ளைகளே, காற்று எங்கே வீசும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அருளப்பனின் பிள்ளைகள் செய்ததை நீங்கள் செய்ய எழுப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வழக்கு இருக்கிறது? கையைத் தூக்க வேண்டாம். எதிர்க்கட்சிக்காரர் யார்? பெரும்பாலும் கூடப் பிறந்தவர். இரண்டு பேரும் ஒரே ஆலயத்தில் இரண்டு வாசலில் நுழைகிறோம். வாய்தாவுக்கு மட்டும் ஒரே பஸ்ஸில் முன் சீட்டிலும் பின் சீட்டிலுமாகப் போகிறோம். வக்கீலுக்கு ஃபீஸ் கொடுத்துச் சண்டையையும் கூலிக்கு ஒப்படைத்துவிட்டோம். இது ஒன்றையாவது கூலிக்கு விடாமல் நீங்களே செய்யுங்கள். அடுத்த வாய்தா எப்போது என்று வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்வாள், பரவாயில்லை. ஐயரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், தனியாகப் போங்கள்.